கப்பல் சாப்பாடும் கணுக்காலும்

அந்த வீட்டில் மூன்று பேர். அம்மா மருத்துவமனையில் இரவு நேர நர்ஸ். அப்பா பஸ் டெப்போவில் மெக்கானிக், விடியும் முன்பே வேலைக்குக் கிளம்புகிறவர். ஒருவர் கண்ணைத் திறக்கும்போது இன்னொருவர் கண்ணை மூடுவார். வாசலில் சாவி கை மாறும் நேரத்தில் பேசிக்கொள்வதுதான் அவர்கள் குடித்தனம் என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். பிள்ளைக்குப் பதினாறு வயது. ஒரே வருஷத்தில் மூங்கில் மாதிரி வளர்ந்துவிட்டதால் வீட்டிலும் தெருவிலும் அவனுக்கு நெட்டை என்றே பேர். அவன் காலும் கையும் தனக்கு வந்த புது நீளத்தோடு இன்னும் சமாதானமாகவில்லை. உட்கார்ந்தால் முட்டி ஆடும், நின்றால் விரல் எதையாவது தட்டும்.

பல வருஷமாக லீவே எடுக்காததைப் பாராட்டி மருத்துவமனை அம்மாவுக்கு ஒரு கப்பல் பயணத்தைப் பரிசாகக் கொடுத்தது. குடும்பத்தோடு போய்வரலாம், நான்கு இரவு. போவதற்கு லீவு போட வேண்டியிருந்ததால், இனிமேல் அந்தப் பரிசுக்குத் தனக்குத் தகுதி இல்லை என்று அம்மாவிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள்.

"எனக்குக் கடலைக்கூடப் பாக்க வேண்டாம்," என்றாள் அம்மா, பெட்டி கட்டும்போது. "மூணு பேரும் ஒரே மேசையில உக்காந்து ராத்திரிச் சாப்பாடு சாப்பிடணும். அவ்வளவுதான்."

அதில் நியாயம் இருந்தது. கப்பலிலும் அம்மாவுக்குப் பகலில்தான் தூக்கம் வரும், அப்பா எட்டரை தாண்டினால் உட்கார்ந்தபடியே சாய்ந்துவிடுவார். இரண்டு பேரும் ஒன்றாக விழித்திருப்பது அந்தச் சாப்பாட்டு நேரம் ஒன்றுதான். ஊருக்குத் திரும்பியதும் நெட்டை வேறு ஊர் ஹாஸ்டலுக்குப் போகிறான். அதற்கப்புறம் மூன்று பேரை ஒன்றுசேர்க்க யாராவது செத்தால்தான் உண்டு என்று அப்பா சொல்லி, அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

கப்பல்காரர்கள் அனுப்பிய பளபளப்பு அட்டையில் "உங்கள் வீட்டில் இருப்பதைப் போல் உணருங்கள்" என்று போட்டிருந்தது. அதை நம்பி நெட்டை மூன்று அரைக்கால்சட்டையும் நான்கு டிசர்ட்டும் எடுத்துவைத்தான். எதற்கும் இருக்கட்டும் என்று அம்மா அவனுடைய போன வருஷத்து முழுக்கால்சட்டையையும் ஒரு காலர் சட்டையையும் அடியில் திணித்தாள்.

முதல் நாள் மாலை உணவரங்கத்தின் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் ஒரு பித்தளைத் தாங்கி நின்றது. அதில் தொங்கிய பலகை: "இன்று மாலை: மிதமான கௌரவம்." தாங்கியின் பக்கத்தில், ஏறக்குறைய அதே விறைப்போடு, கறுப்புக் கோட்டும் கழுத்தில் அளவு நாடாவுமாக ஒருவர் நின்றார். உணவரங்க உடைநெறிக் காப்பாளர் என்று மார்பில் குத்தியிருந்தது.

"தம்பி, உங்க முழங்கால் தெரியுது," என்றார்.

நெட்டை குனிந்து பார்த்தான். தெரிந்தது. "ஆமா சார். ரெண்டும் தெரியுது."

"ஒண்ணு தெரிஞ்சாலே உள்ள விட முடியாது."

"வீட்டுல இருக்கற மாதிரி உணருங்கன்னு போட்டிருந்தீங்களே. வீட்டுல நான் இப்படித்தான் இருப்பேன்."

"உணரத்தான் சொல்லியிருக்கோம். இருக்கச் சொல்லல."

அப்பா நடுவில் புகுந்தார். "சின்னப் பையன் சார். யார் பாக்கப் போறாங்க?"

"நான் பாக்கறேனே," என்றார் காப்பாளர். அவர் குரலில் கோபமே இல்லை, அதுதான் தொந்தரவாக இருந்தது. "ஆள் பாதி, ஆடை பாதின்னு சொல்லுவாங்க. ஆள் பாதியைப் பாக்கறதுக்கு எங்ககிட்ட வசதி இல்ல சார். அதனால ஆடை பாதியை ரெண்டு தடவை பாக்கறோம்."

"அப்ப நாங்களும் வெளியவே சாப்பிட்டுக்கறோம்," என்றாள் அம்மா.

அதற்கும் வழி இல்லை என்று தெரிந்தது. மேல்தளக் கடையைச் சாப்பாட்டு நேரத்தில் சாத்திவிடுவார்கள். அறைக்குச் சாப்பாடு கொண்டுவருவது காலையில் மட்டும். திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கு ஒரு பொட்டலம் உண்டு, ஆனால் அதை வாங்கத் திருப்பி அனுப்பப்பட்டிருக்க வேண்டும். அம்மாவும் அப்பாவும் ஒழுங்காக உடுத்தியிருந்ததால் அவர்களுக்கு அந்தத் தகுதி இல்லை.

அப்பா சட்டென்று பெல்ட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "இப்ப?"

"உங்களை ஏற்கெனவே பாத்து முடிச்சாச்சு சார். அனுமதிச்சது அனுமதிச்சதுதான். உள்ள போங்க."

நெட்டை வெளி நடையில் இருந்த மரப்பெஞ்சில் உட்கார்ந்து, பொட்டலத்தைப் பிரித்து ரொட்டியும் அவித்த முட்டையும் தின்றான். கண்ணாடி வழியாக எல்லாம் தெரிந்தது. மூன்றாவது நாற்காலி மொட்டையாக இருப்பது அரங்கின் அழகைக் கெடுக்கிறது என்று ஒரு பரிமாறுகிறவர் வந்து அதற்கு வெள்ளை உறை மாட்டி, முதுகில் பட்டு நாடா முடிச்சும் போட்டுவிட்டுப் போனார். நாற்காலி கௌரவமாக உட்கார்ந்திருந்தது. அம்மா சூப்பைக் கிளறிக்கொண்டே இருந்தாள், குடிக்கவில்லை.

இரண்டாம் நாள் அவன் போன வருஷத்து முழுக்கால்சட்டையைப் போட்டுக்கொண்டு போனான். காப்பாளர் மண்டியிட்டு நாடாவைப் பிடித்தார்.

"கணுக்கால் தெரியுது."

"வளந்துட்டேன் சார்."

"வளர்றது உங்க சொந்த விஷயம் தம்பி. கணுக்கால் தெரிஞ்சா அது அரைக்கால்சட்டை வகையறா."

நெட்டை கால்சட்டையின் இடுப்பைக் கீழே இறக்கினான். கணுக்கால் மறைந்தது, சட்டை வெளியே வந்தது. சட்டையை உள்ளே விட்டான், கால்சட்டை மேலே ஏறியது. கடைசியில் முட்டியை லேசாக மடக்கிக் கொஞ்சம் குள்ளமாக நின்றான். துணி செருப்பைத் தொட்டது. காப்பாளர் சுற்றிவந்து பார்த்தார்.

"இது சரி. போகலாம்."

முட்டி மடங்கியபடியே, வாத்து மாதிரி, நெட்டை அரங்கத்தின் பாதித் தூரம் போய்விட்டான். அம்மா எழுந்தே நின்றுவிட்டாள். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான் பாருங்கள், உட்கார்ந்ததும் துணி ஒரு சாண் மேலே ஏறியது. பின்னால் காப்பாளரின் மூச்சு கேட்டது.

"தம்பி, நிக்கும்போது நீங்க நெறிக்குள்ள இருக்கீங்க. உக்காந்தா இல்ல. நிக்கறதுன்னா தாராளமா நிக்கலாம்."

அதனால் அவன் அம்மா அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றான். நின்றபடி சாப்பிடலாமா என்று கேட்டான். விருந்தினர் நின்று சாப்பிட விதி இல்லை என்றார். அப்பா ஒரு துண்டு மீனை முள்கரண்டியில் குத்தி அவன் வாய்ப்பக்கம் ரகசியமாக நீட்டும் நேரத்தில், அடுத்த மேசையில் முத்துமாலை போட்ட அம்மாள் ஒருவர் விரலைச் சொடுக்கினார்.

"இந்தாப்பா, எனக்கு இன்னொரு சூப்."

அந்த அரங்கத்தில் பரிமாறுகிறவர்கள்தான் நிற்பார்கள். நெட்டை விழித்தான். அப்புறம், சும்மா நிற்பதற்கு இது தேவலை என்று போய் ஒரு சூப் வாங்கிவந்து வைத்தான். அந்த அம்மாள் ஆறிப்போயிருக்கிறது என்றார். மாற்றிவந்தான். எதிர் மேசைக்காரர் தண்ணீர் கேட்டார். இப்படி ஏழெட்டு மேசை ஆனபிறகு காப்பாளர் மறுபடி வந்து, பரிமாறுகிறவர்கள் வெள்ளை மேல்சட்டை போடாமல் பரிமாறக்கூடாது என்று சொல்லி, அவனைக் கதவுக்கு வெளியே கொண்டுபோய் விட்டார். அன்றைக்குப் பொட்டலமும் இல்லை. அவன் விருந்தினராக உள்ளே அனுமதிக்கப்பட்டு, ஊழியராக வெளியேற்றப்பட்டவன். அந்த வகைக்குப் பொட்டலம் ஒதுக்கப்படவில்லை.

அன்றிரவு அந்த அறையில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. நெட்டைக்குப் பசி. அம்மாவுக்கு அது வேலை நேரம், எழுந்து எழுந்து இரண்டு பேர் நெற்றியிலும் கை வைத்துப் பார்த்தாள். விடிவதற்குள் அப்பா விழித்துக்கொண்டு, சுவருக்குப் பின்னால் ஓடும் இன்ஜின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டு, எங்கேயோ ஒரு பெல்ட் தளர்ந்திருக்கிறது என்று முனகிக்கொண்டிருந்தார்.

"சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான்," என்றாள் அம்மா. "உங்க பேன்ட்டை எடுங்க."

அப்பாவிடம் நல்ல பேன்ட் ஒன்றுதான். கோட்டும் ஒன்றுதான். அம்மா பையிலிருந்த சின்னக் கத்தரிக்கோலால் பேன்ட்டின் அடித்தையலைப் பிரித்து, நீளமாக இறக்கி, காயத்துக்குத் தையல் போடுகிற மாதிரி நெருக்கமாகத் தைத்தாள். மூன்றாம் நாள் மாலை நெட்டை கோட்டு, டை, கணுக்காலுக்குக் கீழே தொங்கும் பேன்ட் என்று மாப்பிள்ளை மாதிரி போய் நின்றான். அப்பா டெப்போவுக்குப் போடும் பழைய சட்டையிலும் பேன்ட்டிலும் பின்னால் வந்தார்.

பலகையில், "இன்று மாலை: கவனமான இயல்பு."

காப்பாளர் அப்பாவைப் பார்த்துத் தலையாட்டினார். "பிரமாதம் சார். உள்ள போங்க." நெட்டையைப் பார்த்ததும் அவர் முகம் வாடியது. "தம்பி, நீங்க இயல்பா இல்லியே."

"இது நல்ல கோட்டு சார்."

"அதான் சிக்கல். இன்னிக்கு யாரும் மெனக்கெட்ட மாதிரி தெரியக்கூடாது."

"அப்ப அரைக்கால்சட்டையில வரட்டுமா?"

"அது நிஜமாவே மெனக்கெடாதது. நாங்க கேக்கறது மெனக்கெட்டு மெனக்கெடாத மாதிரி இருக்கறது. மத்தியானம் மேல்தளத்துல அதுக்கு ஒரு வகுப்பு நடந்துச்சே, வரலியா? கையை எத்தனை மடிப்பு மடிக்கணும், எந்தப் பொத்தானை மறந்துபோன மாதிரி விடணும், எல்லாம் சொல்லித் தந்தாங்க."

நெட்டைக்குச் சிரிப்பு வரவில்லை. பெஞ்சில் போய் உட்கார்ந்தான். முட்டி ஆடியது. கூட்டம் குறைந்தபிறகு காப்பாளர் அவன் பக்கமாக வந்து நின்று பொட்டலத்தை நீட்டினார். இன்று விருந்தினராகவே திருப்பி அனுப்பப்பட்டதால் அது உண்டு.

"உக்காருங்க சார்," என்றான் நெட்டை.

"உக்காந்தா கோட்டு மடிஞ்சிடும்."

"நீங்க எப்ப சாப்பிடுவீங்க?"

"எல்லாரும் முடிச்சப்புறம், கீழ்த்தளத்துல."

"இதே கோட்டுலயா?"

"சேச்சே. கறை பட்டா சம்பளத்துல பிடிப்பாங்க. கழட்டி மாட்டிட்டு, பனியன், அரைக்கால்சட்டையில உக்காந்துதான் சாப்பிடுவோம். நான், சமையல்காரர், கேப்டன், எல்லாருமே." அவர் கண்ணாடிக்கு உள்ளே பார்த்தார். "அங்க நல்லா இருக்கும் தம்பி. காத்து வரும்."

"அப்ப இங்க மட்டும் எதுக்கு சார் இதெல்லாம்?"

காப்பாளர் கழுத்திலிருந்த நாடாவைச் சரிசெய்துகொண்டார். அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை போல. "கதவு இருக்குல்ல," என்றார். "கதவுன்னு ஒண்ணு இருந்தா ஒருத்தர் நிக்கணும். ஒருத்தர் நின்னா எதையாவது பாக்கணும். சும்மா நின்னா சம்பளம் தருவாங்களா?"

நான்காம் நாள்தான் கடைசி. பலகையில் "முழு கௌரவம்" வரும் என்று காலையிலேயே தெரிந்துவிட்டது. ஆண்கள் எல்லோருக்கும் கோட்டு வேண்டும். இருப்பது ஒரே கோட்டு, ஒரே நல்ல பேன்ட், உள்ளே போக வேண்டியவர்கள் இரண்டு பேர்.

திட்டம் போட்டது அப்பா. உள்ளே போய் உட்கார்ந்தபிறகு கோட்டைக் கழற்றி வைக்கலாம் என்பதை அவர் கவனித்திருந்தார். மேசைவிரிப்பு தரை வரைக்கும் தொங்குகிறது என்பதையும் கவனித்திருந்தார். அவர் முதலில் போவது, விரிப்புக்கு அடியில் பேன்ட்டையும் கழற்றுவது, அம்மா இரண்டையும் கைப்பையில் சுருட்டிக்கொண்டு கழிப்பறைக்குப் போகிற மாதிரி வெளியே வந்து நெட்டையிடம் கொடுப்பது.

"சாப்பிட்டு முடிச்சு எப்படி எழுந்திருப்பீங்க?" என்று கேட்டான் நெட்டை.

"மொதல்ல உக்காருவோம்டா," என்றார் அப்பா.

மாலையில் காற்று பிடித்தது. வானம் இருட்டி, கப்பல் ஒருக்களித்து ஒருக்களித்து ஆட ஆரம்பித்தது. நடைகளில் கோட்டும் பட்டும் உடுத்தியவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு அறைகளுக்கு ஓடினார்கள். அப்பாவுக்கு ஒன்றும் செய்யவில்லை, பஸ்ஸுக்கு அடியில் படுத்தே பழகிய உடம்பு. அம்மா பார்க்காத வாந்தியா? நெட்டைக்கோ, வாழ்க்கையில் முதல் முறையாக உலகம் தன் முட்டியோடு சேர்ந்து ஆடுவதுபோல் இருந்தது.

அப்பாவும் அம்மாவும் உள்ளே போனார்கள், நெட்டை வெளியே பெஞ்சில் காத்திருந்தான். அரங்கம் காலி. பரிமாறுகிறவர்கள் ஆளுக்கொரு தூணைக் கட்டிப்பிடித்திருந்தார்கள். சற்று நேரத்தில் அம்மா உப்பிய கைப்பையோடு எழுந்து, நாற்காலி நாற்காலியாகப் பிடித்துக்கொண்டு கதவுக்கு வந்தாள். அங்கே காப்பாளர் வாழைத்தண்டு நிறத்தில் நின்றிருந்தார்.

"அம்மா, அந்தப் பையில..." என்று ஆரம்பித்தவர், முடிக்காமல் சரிந்து உட்கார்ந்தார். கோட்டு மடிந்தது.

அம்மா கைப்பையைக் கீழே போட்டாள். அடுத்த நிமிஷம் அவள் வேறு ஆள். "நெட்டை, தலையைப் பிடி. பக்கவாட்டுல சாய்ச்சுக்கோ." டையைத் தளர்த்தினாள், காலரைப் பிரித்தாள், கோட்டையும் சட்டையையும் உருவினாள். இரண்டு பேருமாக அவரைப் பெஞ்சில் படுக்கவைத்தார்கள். பனியனில் அவர் ரொம்ப ஒல்லியாக இருந்தார்.

"பயப்படாதீங்க, கடல் மயக்கம்தான். மூச்சை இழுத்து விடுங்க."

அவர் மூச்சுக்கு நடுவில் பதறிப்போய்ப் பேசினார். "கதவு காலியா இருக்கும்மா. கதவுல ஆள் இல்லன்னா அடுப்பை அணைச்சிடுவாங்க. விதி. தம்பி, அந்தக் கோட்டை மாட்டிக்கிட்டு நில்லுங்க. கொஞ்ச நேரம்."

"நான் அரைக்கால்சட்டையில இருக்கேன் சார்."

"வாசல்ல நிக்கறவரை யாரும் பாக்க மாட்டாங்க. என்னை இதுவரைக்கும் யாரும் பாத்ததில்ல."

உள்ளே அப்பா, எழுந்திருக்க முடியாத காரணத்தால், விரிப்பை இடுப்போடு பிடித்துக்கொண்டு கழுத்தை மட்டும் நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நெட்டை கோட்டை மாட்டினான். தோளும் கையும் அளவெடுத்துத் தைத்தது மாதிரி பொருந்தின. அந்த வருஷத்தில் அவனுக்குச் சரியாக இருந்த ஒரே துணி அதுதான். நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கதவில் நின்றான்.

கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி ஒரு பெரியவர் வந்தார். கோட்டைப் பார்த்ததும் நின்று, டையை நேராக்கிக்கொண்டார். நெட்டையின் கண் அவனைக் கேட்காமலேயே கீழே இறங்கியது. பெரியவர் காலில் ரப்பர் செருப்பு. நெட்டையின் கை நாடாவைத் தொட்டது. "சார், உங்க கால்" என்கிற வரைக்கும் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அவனுடைய முட்டி ஆடவில்லை. அதைக் கவனித்ததும் நாடாவிலிருந்து கையை எடுத்தான்.

"உள்ள போங்க சார்," என்றான் அவசரமாக.

பெரியவர் போனதும் கோட்டைக் கழற்றினான். வைக்க இடம் இல்லை. பலகையை எடுத்துச் சுவரோரம் சாய்த்துவிட்டு, அந்தப் பித்தளைத் தாங்கியில் கோட்டை மாட்டி, பொத்தானைப் போட்டு, மேலே நாடாவையும் தொங்கவிட்டான். பிறகு கீழே கிடந்த கைப்பையை அம்மாவிடம் எடுத்துக் கொடுத்துவிட்டு, டிசர்ட்டும் அரைக்கால்சட்டையுமாக அவள் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்தான். தூண்களைப் பிடித்திருந்தவர்கள் தடுக்கவில்லை. கதவு தாண்டி வந்தவர்களைக் கேள்வி கேட்பது அவர்கள் வேலை இல்லை.

மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். அம்மா விரிப்புக்கு அடியில் பேன்ட்டை நீட்டினாள்.

"இருக்கட்டும்," என்றார் அப்பா. "இப்படியே காத்தோட்டமா இருக்கு."

சூப் கிண்ணங்கள் மேசையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடின. யார் முன்னால் எது வந்து நிற்கிறதோ அதை அவர்கள் குடித்தார்கள். அம்மா சத்தம் வராமல் சிரித்துக்கொண்டே இருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொள்வதும் சிரிப்பதுமாக இருந்தாள். அப்பா ஹாஸ்டலில் கொசுவலை உண்டா என்று கேட்டார். உண்டு என்றான். துணி யார் துவைப்பார்கள் என்று கேட்டார். நான்தான் என்றான். அப்புறம் தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து அவன் தட்டில் வைத்தார். மணி எட்டரையைத் தாண்டியது. அப்பா சாயவில்லை.

"அந்த மனுஷனுக்குக் கொஞ்சம் ரொட்டியும் சூடா தண்ணியும் கொண்டுபோய்க் கொடு," என்றாள் அம்மா.

நெட்டை கதவைத் திறந்தபோது வெளியே ஆறேழு பேர் வரிசையில் நின்றிருந்தார்கள். மயக்கம் தெளிந்து பசியோடு வந்தவர்கள். வரிசைக்கு முன்னால் தாங்கியில் கோட்டு. கப்பல் முன்னும் பின்னும் ஆடும்போது கோட்டு குனிந்து நிமிர்ந்தது, முன்னால் நின்றவர் நன்றி சொல்லிவிட்டு உள்ளே வந்தார். கப்பல் பக்கவாட்டில் ஆடும்போது கோட்டு இடமும் வலமும் அசைந்தது. அப்போது முன்னால் நின்றவர் தன்னைக் குனிந்து பார்த்து, மன்னிக்கணும் என்று முணுமுணுத்து, அறைக்குத் திரும்பிப் போனார்.

பனியனோடு பெஞ்சில் கால் நீட்டிப் படுத்திருந்த காப்பாளர் ரொட்டியை வாங்கிக்கொண்டார். மெல்ல மெல்ல மென்றபடி வரிசையையே பார்த்திருந்தார். அடுத்து முத்துமாலை அம்மாள் வந்து நின்றார். கோட்டு இடமும் வலமும் ஆடியது. அவர் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார், காரணம் பிடிபடாமல் தலையைக் குனிந்துகொண்டு திரும்பி நடந்தார்.

"சரியாத்தான் பண்ணுது," என்றார் காப்பாளர்.